ஓக் கொட்டைகள் உதிர்ந்த கிழமை

நான் வேலையை விட்டு நான்கு மாதம் ஆகிறது. விடைபெற்ற நாளில், தேநீர்க் கோப்பையோடு நின்ற உங்களில் ஒருவர், "இந்த வேலைக்கு முக்கியமா என்ன தெரிஞ்சிருக்க வேணும் அண்ணை?" என்று கேட்டார். எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால், "தண்ணி உள்ளுக்கு வராத சப்பாத்து" என்று சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு வந்துவிட்டேன். சப்பாத்தும் முக்கியம்தான். ஆனால் உண்மையான பதில் அதுவல்ல என்பது, பஸ்ஸில் மனோர் பார்க் வந்து இறங்கும் வரை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் இதை எழுதுகிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேருக்குத் தமிழ் வாசிக்க வரும். மற்ற மூவருக்கும் அவர்கள் சொல்லட்டும்.

வேலை முறைகளை நான் எழுதப்போவதில்லை. அவை உங்கள் கைப்புத்தகத்தில் இருக்கின்றன. நான் எழுதப்போவது ஒரு இலையுதிர் காலத்தில் நடந்ததை. இதில் ஒரு மாடு செத்துப்போகிறது. அதில் எனக்கும் பங்கு உண்டு.

லண்டன் முடிந்துபோகிற இடத்தில் நம் காடு தொடங்குகிறது. கடைசி மாடிப் பஸ் வளைந்து திரும்பும் தரிப்பிடத்திலிருந்து இருபது அடி நடந்தால், பின்னால் நகரம் இருந்த சுவடே இருக்காது. காட்டைச் சுற்றியிருக்கும் சில பழைய பண்ணைகளுக்கு, தங்கள் மாடுகளை அதற்குள் மேயவிடும் உரிமை நூற்றாண்டுகளாக உண்டு. காடு அவர்களுடையது அல்ல. மேய்ச்சல் மட்டும் அவர்களுடையது. அந்த உரிமையை இன்றும் பயன்படுத்துகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். மாடுகள் முட்செடிகளைத் தின்று தரையில் வெயில் விழவைக்கின்றன என்பதால், காட்டைப் பராமரிப்பவர்களுக்கும் அவை தேவைப்படுகின்றன. மாடுகள் எங்கே நிற்கின்றன, எப்படி நிற்கின்றன என்று தினமும் போய்ப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. இப்போது உங்கள் வேலை.

அந்த வேலையை நான் ஒரு பொய் சொல்லித்தான் வாங்கினேன்.

அப்போது எனக்கு வயது நாற்பத்தெட்டு. பெற்றோல் நிலையம், பிறகு ஒரு பொருட்கிடங்கு என்று இரவு ஷிப்டுகளிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்திருந்தேன். கிடங்கை மூடியபோது, பகல் வெளிச்சத்தில் செய்யக்கூடிய எந்த வேலையானாலும் போதும் என்றிருந்தது. நேர்முகத்தில் மூன்று பேர் இருந்தார்கள். "மாடுகளோடு பழக்கம் உண்டா?" என்று கேட்டார்கள். "சின்ன வயதிலிருந்தே" என்றேன்.

என் அப்பா யாழ்ப்பாண நகரத்தில் தட்டெழுத்துப் பள்ளிக்கூடம் நடத்தியவர். எங்கள் வீட்டுக்குப் பால் போத்தலில், சைக்கிளில் வந்தது. மாட்டைக் கண்டால் நான் ரோட்டில் விலகிப்போகத்தான் பழகியிருந்தேன். ஆனால் அந்த மூவரின் முகமும் மலர்ந்த விதத்தைப் பார்க்கவேண்டும். வெயில் தேசத்திலிருந்து கையில் கோலோடு வந்த ஒரு மனிதனை அவர்கள் கண்டுவிட்டார்கள். அந்த மனிதன் நான் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதியவர்களுக்கு மாட்டுக்காரியின் பண்ணையில் இரண்டு நாள் பயிற்சி இருந்தது. மாட்டுக்காரி என்று நான் சொல்வது, எங்கள் பகுதியில் மேய்ந்த பதினேழு மாடுகளின் சொந்தக்காரியை. என் வயதுதான் இருக்கும். ஆங்கிலேயப் பெண். குறைவாகப் பேசுவார். "உங்களுக்கு அந்தப் பயிற்சி தேவைப்படாது" என்று சிரித்தபடி அலுவலகத்தில் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

இப்படியாக மூன்று வருடம் போனது. நான் மாடுகளைப் பார்த்தேன். உண்மையிலேயே பார்த்தேன். அதைவிட நல்ல வேலை உலகத்தில் இல்லை என்று இன்றும் சொல்வேன். தலைமட்டத்தில் வெட்டி வெட்டி வளர்க்கப்பட்ட அந்தக் கிழட்டு மரங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அடிமரம் வீடு மாதிரி, மேலே பத்துப் பதினைந்து கிளைகள் விரல்கள் மாதிரி. பனிமூட்டமான காலைகளில் அவற்றுக்கிடையே நீண்ட கொம்புகளோடு மாடுகள் நகரும்போது, எது கிளை எது கொம்பு என்று தெரியாது. மரமே இரண்டடி எடுத்துவைத்த மாதிரி இருக்கும். நான் கண்ணை மூடித் திறந்து பார்ப்பேன். இரவு ஷிப்டில் தூங்காத தூக்கமெல்லாம் இப்போது விழித்தபடியே வந்து சேர்கிறதோ என்று தோன்றும்.

மாடுகளுக்கு நானாகப் பெயர் வைத்திருந்தேன். எப்போதும் முன்னால் போகிறவள் மூத்தாள். நரைத்த நிறத்தில் ஒருத்தி சாம்பலி. ஒரு கொம்பு மேலும் ஒரு கொம்பு கீழுமாக வளைந்தவள் கோணலி. இந்தப் பெயர்களை யாருக்கும் சொல்லவில்லை.

மாடுகளின் கழுத்தில் பட்டி இருந்தது. வரைபடத்தில் போட்ட எல்லைக் கோட்டைத் தாண்டப்போனால் அது ஒலி எழுப்பி மாட்டைத் திருப்பும். எந்த மாடு எங்கே நிற்கிறது என்பதைத் தொலைபேசியில் வரைபடமாகக் காட்டும். பதினேழு புள்ளிகளும் கோட்டுக்குள் இருந்தால் நான் நிம்மதியாக இருப்பேன். மாடு எங்கே நிற்கிறது என்பது மட்டும்தான் அந்த வரைபடத்துக்குத் தெரியும் என்பதை நான் யோசிக்கவில்லை.

நான்காவது இலையுதிர் காலத்தில் ஓக் மரங்கள் அளவில்லாமல் காய்த்திருந்தன. சில வருடங்களில் அப்படிக் காய்க்கும். அக்டோபர் தொடக்கத்தில் பலத்த காற்றொன்று அடித்து, இன்னும் பச்சை மாறாத கொட்டைகளையெல்லாம் ஒரேயடியாகக் கீழே தள்ளிவிட்டது. நடந்தால் கால் வழுக்கியது. காற்று ஓய்ந்த பிறகும் நாள் முழுக்க ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டே இருந்தது. காய்ந்த இலைமேல் ஒரு 'டொக்'. கொஞ்சம் தள்ளி இன்னொரு 'டொக்'. மாடுகள் புல்லை விட்டுவிட்டு மரங்களுக்குக் கீழே கூடின. கொட்டைகளை அவை கடிக்கும் சத்தம் தூரத்திலேயே கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. அதைக் கேட்பதற்காகவே மரத்தில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். நஞ்சு தின்னும் சத்தத்தைச் சங்கீதம் மாதிரிக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான்.

ஒரு கிழமை கழித்து, சனிக்கிழமை காலை. சாம்பலி மற்ற மாடுகளை விட்டுத் தனியாக நின்றாள். நெற்றி ஒரு பழைய மரத்தின் பட்டையில் கிட்டத்தட்ட முட்டியிருந்தது. பனிக்குள்ளால் ஒரு கீற்று வெயில் வந்து அவள் முதுகில் விழுந்திருந்தது. அவ்வளவு அமைதி. தொலைபேசியில் படம் எடுத்து, பிளேஸ்டோவில் இருக்கும் என் மகளுக்கு அனுப்பினேன். 'காட்டில் ஒரு தியானம்' என்று கீழே எழுதினேன். பிறகு பதிவுப் புத்தகத்தில் 'எல்லாம் நலம்' என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஞாயிறு காலை வந்து பார்த்தபோது, சாம்பலி அதே மரத்தடியில் படுத்திருந்தாள். கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கிட்டப் போனேன், எழும்பவில்லை. கொஞ்சம் தள்ளி, நேற்று அவள் நின்ற அதே விதத்தில், தலையைத் தொங்கப்போட்டபடி கோணலி நின்றாள். அப்போதுதான் நேற்றுப் பார்த்தது தியானம் இல்லை என்று புரிந்தது.

அடுத்து நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. காட்டு வேலைக்கான எங்கள் வான் வண்டியில் இருந்த வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தேன். மாட்டுக்காரி தன் தமையனின் செத்தவீட்டுக்கு ஸ்கொட்லாந்து போயிருந்தார், தொலைபேசி அணைத்திருந்தது. மாட்டு வைத்தியரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் கேள்வி கேட்பார்கள். எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை என்பது தெரிந்துவிடும். தானாகச் சரியாகிவிடுமோ, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாமோ என்று அந்த வாளியில் முக்கால் மணி நேரம் இருந்தேன். முக்கால் மணி நேரமும் மற்ற மாடுகள் தின்றுகொண்டே இருந்தன.

பிறகு கூப்பிட்டேன்.

வந்தவர் மலேசியத் தமிழ்ப் பெண். சிரம்பானிலிருந்து படிக்க வந்து, இங்கேயே மாட்டு வைத்தியராகத் தங்கிவிட்டவர். முப்பத்தைந்து வயது இருக்கும். என் பெயரைக் கேட்டதும் தமிழில் பேசத் தொடங்கினார். சாம்பலியின் பக்கத்தில் முழங்காலிட்டு, மூக்கைத் தொட்டு, கண் இமையை விலக்கிப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அண்ணே, இது எப்போலேர்ந்து அசை போடல?"

'நேற்றிலிருந்து' என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வருடப் பழக்கம். ஆனால் அந்தப் பெண் என் பதிலை வைத்துத்தான் மருந்தைத் தீர்மானிக்கப்போகிறார் என்று அவர் கைகளைப் பார்க்கத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாது டொக்டர்."

"நேத்து நீங்க பாக்கலையா?"

"பாத்தனான். அசை போடுதோ எண்டு பாக்கவேணும் எண்டே எனக்குத் தெரியாது. மாட்டைப் பற்றி எனக்கு ஒண்டுமே தெரியாது. வேலை கிடைக்கவேணும் எண்டு பொய் சொன்னனான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. "அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். நேத்து என்ன பாத்தீங்க? பாத்தத மட்டும் சொல்லுங்க."

நான் தொலைபேசியை எடுத்து அந்தப் படத்தைக் காட்டினேன். அவர் அதைப் பெரிதாக்கி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை மெதுவாகப் பார்த்தார். நான் வெயிலையும் பனியையும் கண்ட இடத்தில் அவர் காய்ந்த மூக்கைக் கண்டார். ஒட்டிப்போன இடது விலாவைக் கண்டார். பின்னங்காலுக்குப் பக்கத்தில் கறுப்பாக, உருண்டையாகக் கிடந்த சாணியைக் கண்டார்.

"எத்தன மணிக்கு எடுத்தது?"

"ஒன்பது மணி."

"அப்போ முழுசா ஒரு நாள் ஆயிடுச்சு. இது ஓக் கொட்டை விஷம், அண்ணே. பன்னிக்கு ஒண்ணும் ஆகாது. மாட்டுக்கு இது கிட்னிய அடிச்சிடும். மாத்து மருந்துன்னு எதுவும் கிடையாது. தண்ணி ஏத்தலாம், வயித்தக் கழுவலாம், அவ்வளவுதான்." எழுந்து, பனிக்குள் கடிபடும் சத்தம் வந்த பக்கம் பார்த்தார். "மத்ததயெல்லாம் இந்த மரத்தடியிலேர்ந்து வெளியாக்கணும். இன்னிக்கே."

ஓக் மரமே இல்லாத புல்வெளி ஒன்று இருந்தது. ஆனால் அது ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, பனிமூட்டம், வளைவான ரோடு. எங்கள் மேலாளரை அழைத்தேன். அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த நாட்களில் ஆங்கிலத்தில் பேசியவர்கள் சொன்னதெல்லாம் எனக்கு யாழ்ப்பாணத் தமிழிலேயே நினைவில் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

"நாளைக்குக் காலமை வாகனம் அனுப்புறன். ஏத்திக்கொண்டு போவம். இந்தப் பனிக்குள்ளை மாட்டை ரோட்டுக்குக் கொண்டுவந்து, ஒரு கார் வந்து அடிச்சு, உள்ளை பிள்ளையள் இருந்தா ஆர் பதில் சொல்லுறது?"

அவர் சொன்னது நியாயம். அதில் ஒரு பிழையும் இல்லை. நான் டொக்டரைப் பார்த்தேன்.

"நாளைக்கு வரை பொறுக்கலாமோ?"

"வயித்துக்குள்ள என்ன நடக்கும்னு நான் சொல்வேன், அண்ணே. இன்னிக்கு முழுக்கத் தின்னா நாளைக்கு இன்னும் ரெண்டு மூணு விழும். ரோட்டுல என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாது. அது உங்களுக்குத்தான் தெரியணும்."

ஆச்சரியமான விஷயம், அது எனக்குத் தெரிந்திருந்தது. மாட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ரோட்டைத் தெரியும். மூன்று வருடமாக அந்த பஸ் தரிப்பிடத்தில் இருந்துதான் என் மதியச் சோற்றைத் தின்றிருக்கிறேன். வளைவுக்கு அப்பாலிருந்து வரும் கார் எத்தனை நொடியில் கண்ணில் படும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை இருபது நிமிடத்துக்கு ஒரு பஸ் என்று தெரியும். அந்த நாட்களில் காலையில் பஸ் ஓட்டும் பெண்ணை முகத்தில் தெரியும். என்னைக் காட்டு வாசலில் இறக்கிவிட்டு ஒரு கை உயர்த்துவார். ஒரு கார் பனிக்குள் வரும் மாட்டைப் பார்க்காமல் போகலாம். விளக்கெல்லாம் எரியும் மாடிப் பஸ்ஸைப் பார்க்காமல் போகாது.

தொலைபேசியில் மேலாளரிடம் சொன்னேன். "பஸ்ஸாலை ஒரு பக்கத்தை மறிக்கிறன். மற்றப் பக்கம் டொக்டரின்ரை வாகனம். ஏலாது எண்டு தெரிஞ்சா திருப்பிப்போடுவன். என்ரை பேரிலை எழுதுங்கோ."

எந்த வளைவு, எந்த பஸ் என்று அவர் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "பட்டியின்ரை எல்லைக் கோட்டை மாத்துறன். பத்து நிமிசம் தாரும்" என்றார்.

பஸ் வந்தது. ஓட்டுநரின் யன்னலுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். மேல்தட்டில் நாலைந்து பேரும் கீழே ஒரு வயோதிபரும் இருந்தார்கள். அந்தப் பெண் என் மஞ்சள் அங்கியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எத்தினை மாடு?"

"பதினாறு."

அவர் பஸ் நிலையத்தோடு பேசும் வானொலிக் கருவியை எடுத்தார். "பஸ் நிக்குது. மாடு கடக்குது." அந்தப் பக்கத்தில் இருந்தவருக்குப் புரியவில்லை போலிருக்கிறது. "மாடு," என்று இன்னொரு முறை, எழுத்தெழுத்தாகச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பஸ்ஸை ரோட்டின் நடுவுக்குக் கொண்டுவந்து, எல்லா விளக்கையும் போட்டு நிறுத்தினார்.

டொக்டர் தன் வாகனத்தை மறுபக்க வளைவில், விளக்குகளை மின்னவிட்டு நிறுத்திவிட்டு ஓடி வந்தார். நான் வழக்கம்போல மாடுகளுக்குப் பின்னால் போய்க் கையைத் தட்டினேன். அவை என்னைப் பார்த்துவிட்டு மறுபடி கொட்டைக்குக் குனிந்தன. இன்னும் பலமாகத் தட்டினேன். இரண்டு மாடுகள் வேறு திசையில் போயின.

"அண்ணே, பின்னாலேர்ந்து வெரட்டாதீங்க. முன்னால நடங்க. வாளி இல்லையா உங்ககிட்ட?"

"என்ன வாளி?"

"தீவன வாளி!"

நான் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்த வாளிதான் அது. வான் வண்டியின் மூலையில் ஒரு தீவன மூட்டையும் இருந்தது. அது மூன்று வருடமாக அங்கே ஏன் கிடக்கிறது என்று நான் கேட்டதே இல்லை. இரண்டு கை அள்ளி வாளியில் போட்டுக் குலுக்கினேன். மூத்தாள் தலையை நிமிர்த்தினாள்.

"அப்படியே நடங்க. நின்னுடாதீங்க. நீங்க நின்னா அவளும் நின்னுடுவா. நான் கடைசியில கோணக்கொம்போட வர்றேன்."

நடந்தேன். அதைப்போல ஒரு நடையை நான் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. முன்னால் வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கையில் வாளியின் கடகட. பின்னால் முதலில் ஒரு மூச்சு, பிறகு நிறைய மூச்சு, இலைகள் நசிபடும் சத்தம், ஒரு கொம்பு இன்னொரு கொம்பில் மெல்ல உரசும் சத்தம். என் முதுகில் சூடு பட்டது. மூன்று வருடமாக இவ்வளவு பெரிய உயிர்களுக்குப் பின்னால் நடந்துகொண்டு அவற்றை நான் மேய்ப்பதாக நினைத்திருந்தேன். அவை என்னை நம்பி வருவது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது. பயமாகவும் இருந்தது, அழுகையும் வந்தது.

பனிக்குள் முதலில் பஸ்ஸின் விளக்குகள் மங்கலாகத் தெரிந்தன, பிறகு சிவப்பாக அதன் உடம்பு. ரோட்டில் கால்வைத்ததும் இலைச் சத்தம் நின்று குளம்புச் சத்தம் தொடங்கியது. மூத்தாள் தாரில் மூக்கை வைத்து முகர்ந்தாள். நான் நிற்கவில்லை. வாளியைக் குலுக்கினேன். ஒரு குளம்பு, இன்னொரு குளம்பு. பஸ்ஸின் யன்னல்களில் முகங்கள் வரிசையாக இருந்தன. யாரும் படம் எடுக்கவில்லை. கீழ்த்தட்டு வயோதிபர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்திருந்தார். ஏன் என்று தெரியாது. ஒவ்வொரு மாடாக, பஸ்ஸின் மஞ்சள் வெளிச்சத்துக்குள் வந்து, பளபளத்து, மறுபடி வெள்ளைக்குள் கரைந்தது. கடைசியில் கோணலி. ஒவ்வொரு அடிக்கும் யோசித்து யோசித்து வந்தாள். டொக்டர் அவள் விலாவில் ஒரு கையை வைத்தபடி ஏதோ பேசிக்கொண்டே வந்தார். ரோட்டின் நடுவில் கோணலி நின்றுவிட்டாள். ஒரு நிமிடம் இருக்கும். பஸ் ஓட்டுநர் இயந்திரத்தை அணைத்தார். அந்த நிசப்தத்தில் கோணலி ஒரு பெருமூச்சு விட்டு, மறுபடி நடந்தாள்.

சாம்பலி பிழைக்கவில்லை. டொக்டர் திரும்பிப் போய் அவளுக்குத் தண்ணீர் ஏற்றினார். பிற்பகலில் பனி விலகி நல்ல வெயில் வந்தது. நாலு மணிக்குச் சற்று முன்னால் மூச்சு நின்றது. நான் அவள் தலைக்குப் பக்கத்தில் இருந்தேன். அவள்மேலும் என்மேலும் கொட்டைகள் விழுந்துகொண்டிருந்தன.

"நேத்தே என்னைக் கூப்பிட்டிருந்தா பிழைச்சிருக்குமான்னு கேக்காதீங்க அண்ணே," என்றார் டொக்டர். "எனக்கும் தெரியாது." அது ஆறுதல் இல்லை. ஆறுதலுக்காக ஒரு பொய் சொல்லாமல் விட்டாரே என்று நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

கோணலியை மாட்டுக்காரியின் கொட்டிலுக்குக் கொண்டுபோனோம். செவ்வாய்க்கிழமை மாட்டுக்காரி திரும்பி வந்தார். செத்தவீட்டுக் கறுப்பு உடுப்போடேயே கொட்டிலுக்கு வந்தார். நான் காத்திருந்தேன். நேர்முகத்தில் சொன்ன பொய், 'எல்லாம் நலம்' என்று எழுதியது, வாளியில் உட்கார்ந்திருந்த முக்கால் மணி நேரம், எதையும் விடாமல் சொன்னேன். சொல்லி முடித்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் கோணலியின் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினார். பிறகு, "எனக்குத் தெரியும்," என்றார்.

"என்ன தெரியும்?"

"உமக்கு மாடு தெரியாதெண்டு. முதல் நாளே தெரியும். நீர் பின்னாலை நடந்தீர். மாடு தெரிஞ்ச ஒருத்தரும் அப்பிடி நடக்கிறேல்லை. ஒருநாள் கேப்பீர் எண்டு இருந்தன். நீர் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை. மரியாதை எண்டு நினைச்சன்." குளிர்காலங்களில் சாம்பலியைக் கட்டும் வெறும் இடத்தைப் பார்த்தார். "அது மரியாதை இல்லை. எங்கள் ரெண்டு பேருக்கும் கூச்சம். அதுக்கு அவள் செத்தாள்."

என்னை அவர் மன்னித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அப்படி ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை. அலுவலகத்திலிருந்து எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அதில் இருந்த ஒவ்வொரு வரியும் சரி. வேலை தப்பியது, ஆனால் இரண்டு நாள் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று கடைசி வரியில் எழுதியிருந்தார்கள். ஐம்பத்திரண்டு வயதில், இருபது வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று பழகினேன்.

உங்களுக்கு நான் அன்று சொல்லாமல் விட்ட பதில் இதுதான். இந்த வேலையில் தெரியாமல் இருப்பது பெரிய குற்றம் இல்லை. உங்கள் பதிவுப் புத்தகத்தில் 'தனியாக நிற்கிறது, ஏன் என்று எனக்குத் தெரியவில்லை' என்று எழுத இடம் இருக்கிறது. அப்படி ஒரு வரியை எழுதியதற்காக உங்களை யாராவது ஏளனமாகப் பார்த்தால், பார்த்துவிட்டுப் போகட்டும். அந்த வரியை வாசித்துவிட்டு யாராவது தொலைபேசியை எடுப்பார்கள். 'எல்லாம் நலம்' என்பதை வாசித்துவிட்டு யாரும் எதையும் எடுக்கமாட்டார்கள்.

கோணலியின் கதையைச் சொல்லி முடிக்கவேண்டும். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றுதான் டொக்டர் சொல்லியிருந்தார். அந்தச் செவ்வாயிலிருந்து தினமும், வேலை முடிந்ததும் கொட்டிலுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மாட்டுக்காரி வாசலில் என்னைக் கண்டால் தலையை அசைப்பார், அவ்வளவுதான். மூன்றாம் நாள் கிட்ட வந்து, என் கையைப் பிடித்து, கோணலியின் இடது விலாவுக்கு மேலே இருந்த குழிக்குள் அழுத்திவைத்தார்.

"அப்பிடியே வைச்சிரும். நல்ல மாடெண்டா நிமிசத்துக்கு ஒருக்காவெண்டாலும் இரைப்பை உள்ளை புரளும்."

வைத்திருந்தேன். ஒன்றும் புரளவில்லை. மறுநாளும் இல்லை. ஆறாம் நாள் என்னவோ அசைந்த மாதிரி இருந்தது. என் நாடித்துடிப்பாகவும் இருக்கலாம். ஏழாம் நாள் சந்தேகமில்லாமல் வந்தது. மிக ஆழத்தில், பக்கத்து ஊரில் முழங்கும் இடி மாதிரி, கைக்குக் கீழே மெதுவாக எழுந்து அடங்கியது.

ஒன்பதாம் நாள் பின்னேரம். கொட்டிலுக்குள் வைக்கோல் வாசம். கூரை இடுக்கால் சாய்வான வெயில். கோணலி படுத்திருந்தாள். நான் அவள் முன்னால் குந்தியிருந்தேன். திடீரென்று அவள் கழுத்தின் அடியில் ஒரு உருண்டை தோன்றி, தோலுக்குக் கீழே மேலே மேலே ஏறி, வாய்க்குள் போனது. அவள் கீழ்த்தாடை இடப்பக்கம் போனது. பிறகு வலப்பக்கம். பிறகு மறுபடி.

நான் எண்ணினேன். ஐம்பதைத் தாண்டியதும் விழுங்கினாள். சற்று நேரத்தில் அடுத்த உருண்டை ஏறியது. டொக்டரைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"டொக்டர், அசை போடுது."

"நல்லாப் பாத்தீங்களா அண்ணே?"

"ஓம். பாத்தனான்."

நான் தொலைபேசியைக் கோணலியின் வாய்ப்பக்கம் பிடித்தேன். எப்போது வந்தாரோ தெரியாது, மாட்டுக்காரி என் பக்கத்தில் வைக்கோலில் வந்து உட்கார்ந்தார். வெயில் கூரை இடுக்கை விட்டுப் போகும்வரை நாங்கள் அந்தத் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.